கேட்டால் செல்லாது

திருட வேண்டிய கிழங்கை அம்மாவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள்.

சமையலறை மேசையில், சூப் பாத்திரத்துக்கும் ரொட்டிக்கும் நடுவே, அது தனித் தட்டில் உட்கார்ந்திருந்தது. உள்ளங்கைக்குள் அடங்காத டர்னிப் கிழங்கு. மண் போகத் தேய்த்துக் கழுவியதில் தோல் பளபளத்தது. தழை வாடிவிடாமல் ஈரத்துணி சுற்றியிருந்தது. தழையும் கிழங்கும் சேரும் இடத்தில் ஓர் ஊதா ரிப்பன். மருந்தியல் படிப்பவர்களுக்கு ஊதா.

"முன்வரிசைல இடது ஓரத்துல வைக்கிறேன்," என்றாள் தியோலிந்தா. "ரிப்பனப் பாத்தா உனக்கே தெரிஞ்சுடும். வந்தியா, எடுத்தியான்னு ஓடிடணும். மத்ததத் தொடாதே. எல்லாம் சக்கை."

அவள் மகள் செலஸ்தே சூப்பில் மிதந்த கீரையைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் ஒதுக்கினாள்.

"நான் நம்ம கடைக்கு வரலம்மா," என்றாள். "வேற கடையில எடுத்துக்கறேன்."

தியோலிந்தாவின் கத்தி பாதி ரொட்டியில் நின்றது.

மறுநாள் விடிந்தால் டர்னிப் திருட்டு. அதற்கு அடுத்த நாள் தகரத் திருவிழா. பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் காலில் தகர டப்பாக்களைக் கட்டி இழுத்துக்கொண்டு, கையிலுள்ள டர்னிப்பைக் கடித்தபடி, குன்றின் மேல் வளாகம் இருக்கும் மேல் ஊரிலிருந்து ஆற்றங்கரை வரை ஊர்வலம் போக வேண்டும். கரையில் கிழங்கை ஆற்றில் எறிந்ததும், ஞானத்தாயாக இருக்கச் சம்மதித்த மூத்த மாணவி தலையில் ஆற்றுத் தண்ணீரை ஊற்றுவாள். அதோடு அவர்கள் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். அந்த டர்னிப் கீழ் ஊர்ச் சந்தையில் திருடியதாக இருக்க வேண்டும். விலைக்கு வாங்கினால் செல்லாது. கேட்டு வாங்கினாலும் செல்லாது. இதை வகுத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டவர்களும் இல்லை.

தியோலிந்தா இருபது வருடங்களாக அந்தச் சந்தையில் காய்கறி விற்கிறாள். இருபது வருடங்களாக வருடத்துக்கு ஒரு விடியற்காலை அவளிடம் திருடுகிறார்கள். முதல் வருடம் அவள் துடைப்பத்தோடு மேல் ஊர்ப் படிக்கட்டு வரை துரத்தினாள். அங்கே நின்ற போலீஸ்காரர் பிள்ளைகள் விளையாட்டு என்று சிரித்து அவளைத் திருப்பி அனுப்பினார். அதே வாரம் கீழ் ஊர்ப் பையன் ஒருவன் இரண்டு ஆப்பிள் எடுத்தபோது, அதே போலீஸ்காரர் அவன் காதைப் பிடித்து நிலையத்துக்கு இழுத்துப் போனார். மேல் ஊரார் எடுத்தால் வழக்கம். கீழ் ஊரார் எடுத்தால் வழக்கு. தியோலிந்தாவுக்குப் புரிந்தது. அடுத்த வருடத்திலிருந்து அவள் ஓடவில்லை, வாயை மட்டும் விட்டாள். நாள்பட்டு நார் ஏறிய கிழங்குகளை முன்வரிசையில் அடுக்கி, நல்லவற்றைக் கடை மேடைக்கு அடியில் சாக்கில் தள்ளினாள். மூத்த மாணவர்களின் கறுப்பு அங்கிகளுக்குப் பின்னால் புதுப்பிள்ளைகள் அந்த நாரைக் கடித்துக்கொண்டு ஊர்வலம் போவதை நினைத்து அவளும் மீன்காரி ரோசலினாவும் அன்று முழுக்கச் சிரிப்பார்கள். வேறு வழி இல்லாதவர்களின் சிரிப்புதான். இருந்தாலும் வயிறு வலிக்கும்படி சிரிப்பார்கள்.

அந்த மேடைக்கு அடியில்தான் செலஸ்தே வளர்ந்தாள். அப்பா பிரான்சில் கட்டட வேலைக்குப் போய், ஆகஸ்டு மாதத்தில் மட்டும் வருகிறவராகிவிட்டார். பள்ளி இல்லாத நேரமெல்லாம் அவள் சாக்குகளுக்கு நடுவே படுத்துப் படிப்பாள். அங்கிருந்து பார்த்தால் திருடர்களுக்கு முகம் கிடையாது. கறுப்பு அங்கியின் ஓரமும் பளபளக்கும் காலணியும்தான் தெரியும். அவர்கள் ஏன் கேட்காமல் எடுக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டாள்.

"பெரிய படிப்பு படிக்கறவங்க கேக்க மாட்டாங்கடீ," என்றாள் அம்மா. "நீயும் ஒரு நாள் கேக்காம எடுப்ப."

சொன்னபோது அம்மாவின் குரலில் கோபம் இல்லை. ஆசை இருந்தது.

இப்போது அந்த நாள் வந்துவிட்டது. கறுப்பு அங்கியும் பாவாடையும் கோட்டும் தைத்து, நாப்தலீன் உருண்டை போட்டு, அம்மாவின் அலமாரியில் கோடையிலிருந்தே தொங்குகின்றன. முதல் வருடம் முடிந்துதான் உடுத்த முடியும் என்று தெரிந்தும் தைத்துவிட்டாள். மகள்தான் வரமாட்டேன் என்கிறாள்.

"என் கடைன்னு தெரிஞ்சா உனக்குக் கேவலமா?"

செலஸ்தே மறுபடியும் கீரையை ஒதுக்கினாள். இல்லை என்றால் அது பொய். ஆமாம் என்றால் அதைவிடப் பெரிய பொய்.

ஆறு வாரங்களாக அவள் மேல் ஊருக்குப் போய் வருகிறாள். முதல் வாரம் முழுக்கத் தவறான வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். கெமிஸ்ட்ரி என்று நினைத்து நுழைந்த கூடத்தில் ரோமானியர்களின் பழைய சட்டம் நடந்துகொண்டிருந்தது. எழுந்தால் மரபெஞ்சு சத்தம் போடும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் உட்கார்ந்தே இருந்தாள். மறுநாளும் அங்கேயே வந்தாள். சரியான கூடம் எது என்று தெரிய யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. ரோமாபுரியில் ஓர் அடிமை எந்தெந்த வழிகளில் விடுதலை பெறலாம் என்பது இன்றும் அவளுக்கு மனப்பாடம். இன்னொரு நாள் உணவுக்கூடத்தில் அவள் தட்டில் கரண்டி வைக்க மறந்துவிட்டார்கள். ஒரு கிண்ணம் சூப்பையும் ரொட்டியால் தொட்டுத் தொட்டே முடித்தாள்.

மாலைகளில் கறுப்பு அங்கிக்காரர்கள் புதியவர்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். புதியவர்களுக்குப் பூச்சி என்று பெயர். மூத்தவர்கள் எல்லோரும் டாக்டர். டாக்டரின் கண்ணைப் பூச்சி பார்க்கக் கூடாது. எல்லோருக்கும் மேலே, துடுப்பு அளவு மரக்கரண்டியோடு நிற்பவன் டாக்டர் வாஸ்கோ. சட்டம், ஏழாவது வருடம். படிப்பு என்னவோ ஐந்து வருடம்தான். இந்த வழக்கத்தில் பதவியைத் தீர்மானிப்பது சேர்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்பதுதான். தேர்வில் தோற்கத் தோற்க மரியாதை ஏறும்.

சில பூச்சிகள் அறைக்குப் போய் அழுததாகச் சொல்வார்கள். செலஸ்தே அழவில்லை. உண்மையில் அவளுக்கு அது பிடித்தே இருந்தது. எங்கே நிற்க வேண்டும், எப்போது பாட வேண்டும் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். பேச்சைத் தொடங்க வேண்டிய கொடுமை இல்லை. கண்ணைத் தாழ்த்து என்றார்கள். பிறந்ததிலிருந்து அவள் செய்துவருவது அதுதான். கூச்சப்படுகிறவர்களுக்கு அடங்கிப் போவதில் ஒரு வசதி இருக்கிறது. அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. பல வழக்கங்கள் உயிரோடு இருப்பது அந்த மௌனத்தினால்தான்.

அங்கே அவளுக்கு மஃபால்தா கிடைத்தாள். மருந்தியல் மூன்றாம் ஆண்டு, வாய் ஓயாத பெண். இரண்டாம் வாரத் திங்கட்கிழமை செலஸ்தேயின் கையைப் பிடித்துச் சரியான கூடத்தில் கொண்டுவிட்டு, தானே ஞானத்தாய் என்று அறிவித்துவிட்டாள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு ஆள் உண்டு. ஒரு நாள் அம்மாவுக்கு என்ன வேலை என்று மஃபால்தா கேட்டபோது, விவசாயம் சம்பந்தமாக என்றாள் செலஸ்தே. நிலமா என்றதற்குத் தலையாட்டினாள். ஆற்றுக்கு அக்கரையில் குத்தகைக்கு எடுத்த ஒரு துண்டு நிலம் இருந்தது. மஃபால்தா அதற்குள் ஆலிவ் தோப்பையும் குதிரை லாயத்தையும் கட்டிக்கொண்டாள். திருத்தச் செலஸ்தேக்கு வாய் வரவில்லை. நாள் தள்ளத் தள்ள அந்தத் தோப்பில் மரங்கள் அதிகமாயின.

நாளை மஃபால்தா பக்கத்திலேயே இருப்பாள். அம்மாவின் கடை முன்னால். உண்மை தெரிந்து மஃபால்தா விலகிப் போய்விட்டால் மறுபடியும் ரொட்டியால் தொட்டுச் சூப் சாப்பிட வேண்டியதுதான்.

இதில் எதையும் செலஸ்தே சொல்லவில்லை. சூப்பின் மேல் ஆடை படிந்தது. பிறகு தியோலிந்தா நின்றிருந்த கத்தியை எடுத்து ரொட்டியை அறுத்து முடித்தாள்.

"சரி," என்றாள். "நம்ம கடைக்கே வா. உன்ன எனக்குத் தெரியாது. எல்லாரையும் திட்டற மாதிரி உன்னையும் திட்டறேன். போதுமா?"

"அம்மா..."

"என்ன திட்டணும்னு வேணா இப்பவே சொல்லிடு. நாளைக்கு அதத் திட்டிட்டா, இதத் திட்டிட்டான்னு மூக்கச் சிந்தக் கூடாது."

செலஸ்தேக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். கிழங்கு மட்டும் ரிப்பனோடு கம்பீரமாக இருந்தது.

விடியும்போது ஆற்றிலிருந்து பனி ஏறிச் சந்தையின் இரும்புக் கூரை வரை நின்றது. உள்ளே விளக்குகள் எரிந்தன. தியோலிந்தா முட்டைக்கோசுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வெளியே தகர டப்பாக்களின் சத்தம் கேட்டதும் எதிர்க் கடையில் மத்தி மீன் அடுக்கிக்கொண்டிருந்த ரோசலினா நிமிர்ந்தாள்.

"வந்துட்டாங்கடீ உன் மாப்பிள்ளைங்க," என்றாள். "அது என்ன, தோடெல்லாம் மாட்டிட்டு வந்திருக்க?"

தியோலிந்தா காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் வாஸ்கோ பூச்சிகளை நிறுத்திச் சட்டம் சொன்னான். உடைக்கு மேல் பைஜாமா மாட்டி, காகிதத் தொப்பி வைத்த பூச்சிகள் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டன. கத்திக்கொண்டே உள்ளே போக வேண்டும், ஒரு கிழங்கோடு வெளியே வர வேண்டும். யாராவது கேட்டு வாங்கியதாகத் தெரிந்தால் முதலிலிருந்து மறுபடி.

மஃபால்தா செலஸ்தேயின் ஊதாத் தொப்பியை நேராக்கினாள். "அந்த மூலைல குண்டம்மா இருக்கா பாரு, அவகிட்டப் போ," என்றாள் காதில். "அவ திட்டறதக் கேக்கணுமே. மொத வருஷம் என்னப் பாத்து, படிச்ச பெருச்சாளின்னா. இன்னிக்கு வரைக்கும் எங்க வகுப்புல என் பேரு பெருச்சாளிதான். போ, உனக்கும் ஒரு பேரு வாங்கிட்டு வா."

மரக்கரண்டி தூணில் மோதியது. கூட்டம் உள்ளே பாய்ந்தது.

தியோலிந்தா தயாராக இருந்தாள். இடுப்பில் கை வைத்து, இருபது வருடப் பழக்கத்தில் தொண்டையைத் திறந்தாள். "வாங்கடா வௌவாலுங்களா," என்று தொடங்கினாள். "ஏழு வருஷம் சட்டம் படிச்சும் ஒரு கிழங்கு என்ன வெலைன்னு கேக்கத் தெரியல, நீங்கதான் நாளைக்கு ஜட்ஜா? ஏண்டா தவளைத் தொப்பி, காலுக்குக் கீழ பாருடா, அது வெங்காயம், உன் தலை இல்ல, மிதிக்காதே." மேல் ஊர்ப் பிள்ளைகள் கைதட்டினார்கள். கறுப்பு அங்கிகள் ஒதுங்கி நின்று ரசித்தன.

செலஸ்தே மேடைக்கு முன் வந்து நின்றாள். இந்தப் பக்கத்திலிருந்து அந்த மேடையை அவள் பார்த்ததே இல்லை. இடது ஓரத்தில் ரிப்பன் தெரிந்தது. எடுத்துக்கொண்டு ஓட ஒரு நொடி போதும். உண்மையில் அவளுக்கு அது சுலபம். கேட்காமல் எடுப்பதற்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கேட்பதுதான் அவளால் முடியாத காரியம். ரிப்பன் மேல் கை வைத்துவிட்டாள். அப்போதுதான் அம்மாவின் காதைப் பார்த்தாள். ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வருகிற தங்கக் கம்பித் தோடு. அம்மா திருட்டுக் கொடுப்பதற்கு அலங்கரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

தியோலிந்தா மகளைப் பார்த்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவள் தோளுக்கு மேலே எங்கோ பார்வையை நகர்த்தினாள். பின் எல்லோரையும் திட்டுவது போலவே திட்டினாள்.

"ஏய் ஊதாத் தொப்பி, எவ பெத்த பொண்ணுடீ நீ? கேக்காம எடுன்னுதான் உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?"

வருடா வருடம் பெண் பிள்ளைகளுக்கு வைத்திருந்த வசைதான் அது. வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எங்கே போய் விழுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. திறந்த வாய் மூடவில்லை. பின்னால் மஃபால்தா சிரித்துக்கொண்டிருந்தாள்.

செலஸ்தே கையை எடுக்கவில்லை.

"நீதாம்மா," என்றாள்.

ஆறு வாரங்களில் மேல் ஊர் முழுவதும் கேட்கும்படி அவள் பேசியது அதுதான் முதல்முறை. பெரிய குரல் இல்லை. ஆனால் அம்மா நிறுத்திவிட்ட இடத்தில் வந்ததால் சந்தையின் அந்த மூலை முழுக்கக் கேட்டது. ரோசலினாவின் கையில் ஒரு மத்தி மீன் அப்படியே நின்றது.

"அம்மா," என்றாள் செலஸ்தே மறுபடியும். தொண்டையில் ஏதோ மரபெஞ்சு போல் கிறீச்சிட்டது. "இந்தக் கிழங்கு எனக்கு வேணும். தரியா?"

தியோலிந்தா மேடைக்கு மேல் குனிந்தாள். முகம் வெளுத்திருந்தது. "கேக்காதடீ," என்று கிசுகிசுத்தாள். "எடுத்துட்டு ஓடிடு. கேட்டா செல்லாமப் போயிடும். யாரும் கவனிக்கல, ஓடு கண்ணு."

இருபது வருடம் திருட்டுக் கொடுத்தவள், தன்னிடம் திருடும்படி மகளைக் கெஞ்சினாள்.

எல்லோரும் கவனித்திருந்தார்கள். மஃபால்தா அருகில் வந்தாள். "நிலம் இருக்குன்னியே," என்றாள், கோபத்தைவிடக் குழப்பம் அதிகமாக.

"இருக்கு. இதெல்லாம் அங்க வெளஞ்சதுதான்."

மரக்கரண்டி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. கேட்டு வாங்கினாயா என்று வாஸ்கோ கேட்டான். கேட்டேன் என்றாள். செல்லாது, கீழே வைத்துவிட்டு மறுபடி திருடு என்றான். அவன் கொடியவன் இல்லை. அம்மாவின் கடை என்று அறிந்ததும் குரலைத் தணித்து, அப்படியானால் பக்கத்துக் கடையில் எடுத்துக்கொள், வழக்கத்தை விட முடியாது பார் என்று நியாயமாகவே சொன்னான்.

செலஸ்தே கண்ணை உயர்த்தினாள். பூச்சி செய்யக் கூடாத காரியம் அது.

"பக்கத்துக் கடையும் யாராவது ஒருத்தரோட அம்மா கடைதான், டாக்டர்," என்றாள். "நீங்களும் கேட்டுப் பாருங்களேன். குடுப்பாங்க."

வாஸ்கோ வாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. ஏழு வருடங்களாக அவன் இந்த மேடையில் கிழங்கு எடுக்கிறான், எடுக்க வைக்கிறான். இந்தக் கடைக்காரியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தத் தெரிந்தவனுக்கு, ஒருத்தியிடம் ஒன்றைக் கேட்பது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. காது மடல்கள் சிவந்தன. கரண்டியின் பிடியை விரல் தடவியது. செலஸ்தே அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அவளுக்குத் தெரிந்த முகம். உணவுக்கூடத்துக் கண்ணாடிக் கதவில், கரண்டி இல்லாத அந்த நாளில் பார்த்தது.

"வழக்கம்னு ஒண்ணு இருக்கு," என்றான் வாஸ்கோ கடைசியில், கரண்டியிடம்.

அப்போது தவளைத் தொப்பி மேடையை ஒட்டி வந்தது. அபீலியோ என்ற அந்த மலைக்கிராமத்துப் பையனும் மருந்தியல் ஊதாக் கூட்டம்தான். வெங்காயத்தை மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, "எனக்கும் ஒண்ணு தருவீங்களாம்மா?" என்றான்.

தியோலிந்தாவின் கை தானாக முன்வரிசைக்குப் போய், பாதியில் திரும்பியது. குனிந்து சாக்கிலிருந்து ஒன்றை எடுத்தாள். "அது வேணாம்பா, நாரு. இந்தா, இது நல்லது."

மஃபால்தா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நாங்க எடுத்ததெல்லாம்?"

"மாட்டுக்கு வச்சது," என்றாள் ரோசலினா எதிர்க் கடையிலிருந்து. "வருஷா வருஷம் மாட்டுக்கு வச்சதத்தான் நீங்க ஊர்வலமாத் தூக்கிட்டுப் போறீங்க. உங்க டீனு மேடையேறிக் கைதட்டுறாரு."

முதலில் சிரித்தது மீன்காரிகள். பிறகு பூச்சிகள். கறுப்பு அங்கிகளிலும் இரண்டு மூன்று குலுங்கின. இன்னும் ஐந்தாறு பேர் வந்து கேட்டு வாங்கினார்கள். ஒவ்வொருவரும் கேட்கும் முன் ஒரு தடவை எச்சில் விழுங்கினார்கள். மற்றவர்கள் வழக்கப்படி திருடிக்கொண்டு ஓடினார்கள். ஆனால் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துவிட்டதால் அவ்வளவு வேகமாக ஓடவில்லை.

போகும்போது வாஸ்கோ தீர்ப்பைச் சொன்னான். செலஸ்தேக்கு ஊர்வலம் இல்லை. ஞானத்தாய் இல்லை. ஆற்றுத் தண்ணீர் இல்லை. கறுப்பு உடுத்தும் உரிமையும் இல்லை. மஃபால்தா ஒரு முறை செலஸ்தேயைப் பார்த்தாள். பிறகு அங்கியைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு போய்விட்டாள்.

தியோலிந்தா உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு," என்றாள். "படிப்பும் போச்சு."

"படிப்பு எங்கம்மா போச்சு? பத்து மணிக்கு கெமிஸ்ட்ரி இருக்கு."

"அந்தக் கறுப்புத் துணிய என்னடீ பண்றது?"

"உடுத்துவேன். மாணவங்க யாரு வேணா உடுத்தலாம்னுதான் சட்டம். கூடாதுன்னு சொல்றது இவங்கதான்."

"சட்டம் உனக்கெப்படித் தெரியும்?"

"ஒரு வாரம் சட்ட வகுப்புல உக்காந்திருந்தேன்," என்றாள் செலஸ்தே. மற்றதை இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். உடையைப் பற்றி அந்த வகுப்பில் ஒரு வார்த்தையும் வரவில்லை. அது அறிவிப்புப் பலகையில் படித்தது.

தியோலிந்தா இழந்தவற்றை ஒவ்வொன்றாக மனதில் தடவிப் பார்ப்பவள் போல இருந்தாள். பிறகு எழுந்து, முட்டைக்கோசுக்குத் தெளிக்கிற வாளியில் கையை விட்டு, ஒரு கை நிறைய அள்ளி மகள் தலையில் அடித்தாள். ஊதாக் காகிதத் தொப்பி நனைந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டது. சாயம் மூக்கு வரை வழிந்தது.

"இந்தா, இதுவும் ஆச்சு," என்றாள். "ஆத்துத் தண்ணியவிட இது சுத்தம். ஓடு, வகுப்புக்கு நேரமாச்சு."

ரோசலினா அங்கிருந்தே சிலுவை போட்டாள், மீன் கையால்.

அடுத்த திங்கட்கிழமை உணவுக்கூடத்தில் கரண்டி இருந்தது. ஆனால் உப்பு இல்லை. செலஸ்தே எழுந்து போய் உப்புக் கேட்டாள். பாதி வழியில் ஒரு தடவை நின்றாள், இருந்தாலும் கேட்டாள். பரிமாறுகிற அம்மாள் உலகத்தில் இதைவிடச் சாதாரணமான விஷயம் கிடையாது என்பது போல உப்பைக் கொடுத்தாள். எதிரே அபீலியோ உட்கார்ந்து தனக்கும் அந்த உப்பைக் கேட்டான். பத்து நாள் போல மஃபால்தா தூரத்து மேசையில் கறுப்பு அங்கிகளோடு சாப்பிட்டாள். பிறகு ஒரு மதியம் அவளுடைய தட்டு செலஸ்தேயின் எதிரே வந்து இறங்கியது.

"பெருச்சாளின்னு எனக்குப் பேரு வச்சதே உங்கம்மான்னு நீ ஏன் சொல்லல?" என்றாள்.

"நீங்க கேக்கவே இல்லையே."

மஃபால்தா அதைப் பற்றி ஒரு கிண்ணம் சூப் முடியும்வரை யோசித்தாள். அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஞானத்தாய் பட்டத்தைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. உப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை செலஸ்தே கடையில் இருந்தாள். மழை. கூட்டம் குறைவு. முட்டைக்கோசுகளுக்கு எதிரே ஒருவன் ரொம்ப நேரமாக நிற்பதை முதலில் பார்த்தது தியோலிந்தாதான். பழைய கம்பளிச் சட்டை, நனைந்த தலை, கையில் காலிப் பை. அங்கி இல்லாததால் ஆள் பாதியாகத் தெரிந்தான்.

"அந்த மரக்கரண்டிதானேடீ இது?" என்றாள் மெதுவாக.

வாஸ்கோ ஒரு கேரட்டை எடுத்தான், வைத்தான். பக்கத்தில் ஒரு பெண் வந்து கீரை கேட்டு வாங்கிப் போனாள். அவள் எப்படிக் கேட்கிறாள் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்க் கடைக்குப் போய் மீன்களைப் பார்த்தான். ரோசலினா என்ன வேண்டும் என்றதும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தான். முன்வரிசைக் கிழங்குகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவன் அவற்றைத் தொடவில்லை. வாய் ஒரு முறை திறந்து மூடியது.

அடுத்த வருடம் அவனுக்கு எட்டாவது வருடம். மேல் ஊரில் அவனுக்கு இன்னும் பெரிய கரண்டி கொடுப்பார்கள்.

"பாவம்டீ," என்றாள் தியோலிந்தா. "வாய் வர மாட்டேங்குது அவனுக்கு. நாமளே குடுத்து அனுப்பிடலாம்." அவள் கை அதற்குள் மேடைக்கு அடியில் போய், சாக்கிலிருந்து நல்ல கிழங்காக ஒன்றை எடுத்துவிட்டது.

செலஸ்தே அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். எதிரே நிற்பவனுக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஒவ்வொரு அடியாகத் தெரியும். அவனைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கு மேல் உதவி செய்யவில்லை.

"இரும்மா," என்றாள். "கேக்கட்டும்."